விடியலுக்கு முன் வால்மீன்: சிறிய தொலைநோக்கியில் படமெடுப்போருக்கான கேள்வி–பதில்

கிழக்கு வானில் விடியற்காலையில் ஒரு வால்மீன் தென்படத் தொடங்கிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் படமெடுப்பது பற்றியே இருக்கும். சிறிய தொலைநோக்கியும் சாதாரண டிஜிட்டல் கேமராவும் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை தொகுத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 70 மி.மீ. விட்டமும் 420 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சிறிய லென்ஸ் தொலைநோக்கி உள்ளது. வால்மீனைப் படமெடுக்க இது போதுமா, அல்லது பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கிய பிறகுதான் முயல வேண்டுமா?

பதில்: போதும் என்பது மட்டுமல்ல, வால்மீனைப் பொறுத்தவரை பல பெரிய தொலைநோக்கிகளைவிட உங்களுடையது பொருத்தமானது. கோள்களைப் படமெடுப்பவருக்கு உருப்பெருக்கம் வேண்டும். வால்மீனோ வானில் பரந்து கிடக்கும் பொருள். அதன் தலையைச் சூழ்ந்த ஒளிமூட்டமும் வாலின் தொடக்கப் பகுதியும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டுமானால் அகலமான பார்வைப் புலம் வேண்டும். இதைக் கணக்கிடுவது எளிது. கேமரா சென்சாரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, குவியத் தூரத்தால் வகுத்து, 57.3-ஆல் பெருக்கினால் பார்வைப் புலம் டிகிரியில் கிடைத்துவிடும். 23.5 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரை உங்கள் தொலைநோக்கியில் பொருத்தினால் ஏறத்தாழ 3.2 டிகிரி, அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக நிறுத்தும் அளவு அகலம் கிடைக்கிறது. அதே கேமராவை 2000 மி.மீ. குவியத் தூரமுள்ள 200 மி.மீ. தொலைநோக்கியில் பொருத்தினால் கிடைப்பது 0.7 டிகிரிக்கும் குறைவு. வால்மீனின் தலை மட்டும் சட்டத்தில் இருக்கும், வால் வெளியே போய்விடும்.

இரண்டாவது காரணம் எஃப் எண், அதாவது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். நட்சத்திரம் ஒரு புள்ளி என்பதால் தொலைநோக்கியின் விட்டம் பெருகப் பெருக அது பிரகாசமாகப் பதிவாகும். பரந்த பொருளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அங்கே முடிவு செய்வது எஃப் எண்ணே. உங்கள் தொலைநோக்கி எஃப்/6. மேலே சொன்ன பெரிய தொலைநோக்கி எஃப்/10. ஒரே நேர அளவில் வாலிலிருந்து உங்கள் சென்சாரின் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் அதற்குக் கிடைக்கும்.

வால்மீன் ஒளிப்படக் கலையின் முதல் அத்தியாயமே இதற்குச் சான்று. 1858-ஆம் ஆண்டு டொனாட்டி வால்மீன் வானில் இருந்தபோது, செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் அஷர்வுட் என்ற ஒளிப்படக் கலைஞர், மனிதர்களைப் படமெடுக்கப் பயன்படும் எஃப்/2.4 லென்ஸைக் கொண்டு வெறும் 7 விநாடிகளில் அதைப் பதிவு செய்தார். மறுநாள் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஜார்ஜ் பாண்டு அன்றைய உலகின் மிகப் பெரிய லென்ஸ் தொலைநோக்கிகளுள் ஒன்றான 15 அங்குலக் கருவியில் பல நிமிடங்கள் ஒளி வாங்கியும், தலையின் மிகப் பிரகாசமான நடுப்பகுதியை மட்டுமே பிடிக்க முடிந்தது. இன்றைய சென்சார்கள் அன்றைய தகடுகளைவிடப் பன்மடங்கு நுட்பமானவை என்றாலும், அகலமும் வேகமும் கொண்ட சிறிய கருவியே வால்மீனுக்கு ஏற்றது என்ற நிலை மாறவில்லை. வாங்குவதாக இருந்தால் தொலைநோக்கியை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் மவுண்டை முதலில் மேம்படுத்துங்கள்.

கேள்வி: வால்மீன்கள் ஏன் பெரும்பாலும் விடியற்காலையிலோ மாலையிலோ மட்டுமே பேசப்படுகின்றன? விடியற்காலையில் படமெடுக்க எத்தனை மணிக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்?

பதில்: சூரியனை நெருங்கும்போதுதான் வால்மீனின் பனி ஆவியாகி, வாயுவும் தூசியும் வெளியேறி, அது பிரகாசமடைகிறது. ஆகவே அது மிக அழகாக இருக்கும் நாட்களில் நம் பார்வைக்குச் சூரியனுக்கு அருகிலேயே இருக்கும். சூரியனுக்குச் சற்று முன் உதிப்பதாகவோ, சற்றுப் பின் மறைவதாகவோ அமைந்துவிடும். 2020 ஜூலை 3 அன்று சூரியனை மிக நெருங்கிய நியோவைஸ் வால்மீன் முதலில் விடியற்காலையிலும் பின்னர் மாலையிலும் காட்சி தந்தது. 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனை நெருங்கிய சுச்சின்ஷான்–அட்லஸும் அவ்வாறே அக்டோபர் தொடக்கம் வரை விடியலிலும், அதன்பின் மாலையிலும் தெரிந்தது.

எத்தனை மணிக்கு என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். சூரியன் 18 டிகிரி கீழே இருக்கும்போது முதல் வெளிச்சம் வானில் கலக்கத் தொடங்குகிறது. 12 டிகிரியில் தொடுவானக் கோடு கண்ணுக்குத் தெளிவாகிறது. 6 டிகிரிக்கு வந்துவிட்டால் வால்மீனின் வால் ஏறக்குறைய மறைந்தேபோகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால், 18 டிகிரியிலிருந்து உதயம் வரை ஏறத்தாழ 70 முதல் 75 நிமிடங்களே ஆகும். வடக்கிலும் தெற்கிலும் விலகிச் செல்லச் செல்ல இந்த இடைவெளி நீளும்.

இதற்குள் இரண்டு நிகழ்ச்சிகள் எதிரெதிராக நடக்கின்றன. வால்மீன் மேலே ஏற ஏற அதன் ஒளி கடந்து வரும் காற்றின் தடிமன் குறைந்து படம் மேம்படுகிறது. அதே வேளையில் வானம் வெளுத்துப் படம் கெடுகிறது. தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, தலைக்கு நேர் மேலே இருக்கும் பொருளின் ஒளியைவிட ஐந்தரை மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். மாசில்லாத வானிலேயே அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 30 டிகிரிக்கு வந்தால் காற்றின் தடிமன் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும், ஆனால் விடியற்கால வால்மீன் பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இங்கே பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும் என்பதால், விடியற்காலையில் தலை கீழேயும் வால் மேலேயும் இருக்கும். எனவே பெரும்பாலும் முதலில் உதிப்பது வால்; தலை அதன் பின்னால்தான் வரும். நீண்ட வாலுள்ள வால்மீன் என்றால், தலை தொடுவானத்துக்கு மேல் வருவதற்கு முன்பே, வானம் இன்னும் முழு இருட்டாக இருக்கும்போதே, வாலின் நுனி மங்கிய கீற்றாக நிற்கும். அதை அகல லென்ஸில் பதிவு செய்ய அதுவே நேரம். தலை 5, 6 டிகிரி ஏறியபின் தொலைநோக்கியைத் திருப்பலாம். சூரியன் 15 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வரும் இடைவெளியே தொலைநோக்கிப் படத்துக்குச் சிறந்தது என்பது என் கருத்து. ஆகவே தலை உதிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகக் கருவியை வெளியே வைத்து, நட்சத்திரங்களில் ஃபோகஸ் செய்து முடித்திருக்க வேண்டும். வால்மீன் வந்தபின் செய்துகொள்ளலாம் என்று எந்த வேலையையும் விட்டுவைக்காதீர்கள். அப்போது அதற்கு நேரம் இருக்காது.

இடத்தை முந்தைய நாள் பகலிலேயே பார்த்துவிடுங்கள். வால்மீன் உதிக்கும் திசையில் 5 டிகிரிக்கு மேல் மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது. கையை முழுதாக நீட்டி மூன்று நடுவிரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அவற்றின் அகலம் ஏறத்தாழ 5 டிகிரி.

கேள்வி: வால்மீனின் பிரகாசம் 5 என்று செய்தியில் படித்தேன். பிரகாசம் 5 கொண்ட நட்சத்திரங்கள் எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. ஆனால் தொலைநோக்கியில் தேடியும் வால்மீன் அகப்படவில்லை. என்ன காரணம்?

பதில்: அந்த எண் வால்மீனின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் கிடைக்கும் பிரகாசத்தைக் குறிக்கிறது. உண்மையில் அந்த ஒளி நிலவின் கால் பங்கோ அரைப் பங்கோ அகலமுள்ள வட்டத்தில் பரவிக் கிடக்கிறது. வெளுக்கத் தொடங்கிய வானில் அந்தப் பரவல் பின்னணியோடு கரைந்துவிடும். விடியற்கால வால்மீன் என்றால், அறிவிக்கப்பட்ட எண்ணோடு ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டு எதிர்பார்ப்பதே நல்லது; இந்தக் கணக்கில் எண் கூடக் கூடப் பொருள் மங்கலாகும்.

தேடுவதற்குக் கண்ணைவிடக் கேமராவே சிறந்த துணை. ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலியில் வால்மீனின் சுற்றுப்பாதைத் தரவுகளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய தரவை வைத்துத் தேடினால் இடம் தவறும். அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரம் ஒன்றில் தொலைநோக்கியை நிறுத்தி, ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அமைப்பை, 6400 அளவுக்கு உயர்த்தி, ஓரிரு விநாடிச் சோதனைப் படங்களை எடுத்துக்கொண்டே நகர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வால்மீன் திரையில் பச்சை கலந்த மங்கிய திட்டாகத் தெரிந்துவிடும். இடம் உறுதியானதும் ஐஎஸ்ஓ-வைக் குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானைச் சேர்ந்த ஹிதேயோ நிஷிமுரா 2023 ஆகஸ்டில் தம் பெயர் தாங்கிய வால்மீனை விடியற்கால வானில் கண்டுபிடித்தது டிஜிட்டல் கேமராவாலும் 200 மி.மீ. லென்ஸாலும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வழியின் வலிமை விளங்கும்.

கேள்வி: என்னுடையது லென்ஸுக்குப் பதில் கண்ணாடி கொண்ட 114 மி.மீ. நியூட்டன் வகைத் தொலைநோக்கி. கேமராவைப் பொருத்தினால் ஃபோகஸ் கிடைப்பதே இல்லை. ஃபோகஸ் திருகியை முழுவதும் உள்ளே தள்ளியும் நட்சத்திரங்கள் வட்டங்களாகவே தெரிகின்றன. தொலைநோக்கி பழுதா?

பதில்: பழுதில்லை. கண்ணால் பார்ப்பதற்கென வடிவமைக்கப்பட்ட நியூட்டன் தொலைநோக்கிகள் பலவற்றில் ஒளி குவியும் இடம் குழாய்க்குச் சற்று வெளியேதான் அமைந்திருக்கும். கேமராவின் சென்சாரோ அதன் உடலுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. குவியும் இடத்தை அது எட்டுவதற்குள் திருகி முடிந்துவிடுகிறது. பார்லோ லென்ஸை இடையில் வைத்தால் ஃபோகஸ் கிடைக்கும், ஆனால் குவியத் தூரம் இரட்டிப்பாகிப் பார்வைப் புலம் பாதியாகச் சுருங்கிவிடும். வால்மீனுக்கு அது ஒத்துவராது. முதன்மைக் கண்ணாடியைக் குழாய்க்குள் மேலே நகர்த்துவோரும் உண்டு. அது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, வால்மீன் வந்திருக்கும் வாரத்தில் தொடங்க வேண்டியதல்ல.

உங்களுக்கு நான் சொல்வது வேறு வழி. கேமராவை அதன் சொந்த லென்ஸோடு, 85 முதல் 200 மி.மீ. வரை எது கிடைக்கிறதோ அதோடு, தொலைநோக்கிக் குழாயின் முதுகில் கட்டிவிடுங்கள். தொலைநோக்கி வானைப் பின்தொடரும் வேலையை மட்டும் செய்யட்டும். 1882-ஆம் ஆண்டின் மாபெரும் வால்மீன் விடியற்கால வானில் நின்றபோது, நன்னம்பிக்கை முனை வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில் இதைத்தான் செய்தார். உள்ளூர் ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் கேமராவைத் தம் தொலைநோக்கியோடு பொருத்தி, தொலைநோக்கி வழியாக வால்மீனின் தலையைப் பார்த்து நகர்த்திக்கொண்டே நீண்ட நேரம் ஒளி வாங்கினார். வால்மீனோடு பின்னணியில் எண்ணற்ற நட்சத்திரங்களும் பதிந்திருந்ததைக் கண்டு, நட்சத்திரப் பட்டியலையே ஒளிப்படங்களைக் கொண்டு உருவாக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. தென்வானின் 4,54,875 நட்சத்திரங்கள் அடங்கிய பட்டியல் அதன் விளைவாக வந்தது. முதுகில் கேமரா கட்டிப் படமெடுப்பது இரண்டாந்தர வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: செல்பேசியை ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், வைத்து எடுக்கலாமா?

பதில்: மிகப் பிரகாசமான வால்மீன் என்றால் தலை பதிவாகும். செல்பேசியைக் கையால் பிடிக்காமல் அதற்குரிய பிடிப்பானில் பொருத்தி, மிகக் குறைந்த உருப்பெருக்கம் தரும் ஐபீஸைப் பயன்படுத்தி, டைமரை இயக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வாலும் வேண்டுமென்றால் செல்பேசியைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்து முக்காலியில் நிறுத்தி இரவுப் பயன்முறையில் எடுப்பதே மேல்.

கேள்வி: இரவில் சரியாக ஃபோகஸ் செய்து வைத்தாலும் விடியற்காலையில் எடுத்த படங்கள் மங்கலாக இருக்கின்றன. ஏன்?

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம், உங்களுக்கு இரண்டுமே நேர்ந்திருக்கவும் கூடும்.

முதலாவது வெப்பநிலை. இரவின் மிகக் குளிர்ந்த நேரம் விடியலை ஒட்டித்தான் வருகிறது. குழாயின் உலோகம் சுருங்கச் சுருங்கக் குவியும் இடம் நகர்கிறது. எஃப்/5, எஃப்/6 கருவிகளில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே நட்சத்திரம் ஊதிவிடும். ஆகையால் நள்ளிரவில் செய்த ஃபோகஸை நம்பாமல், படத்தொடரைத் தொடங்கும் முன் ஒருமுறையும் பாதியில் ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும். வால்மீனின் மீது ஃபோகஸ் செய்ய முயல வேண்டாம். அதற்குக் கூர்மையான விளிம்பே கிடையாது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, தொலைநோக்கியின் முகப்பில் பாட்டினோவ் மாஸ்க் எனப்படும் கீற்றுத் தட்டியை வையுங்கள். நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று ஒளிக்கதிர்கள் தோன்றும். நடுக்கதிர் மற்ற இரண்டும் வெட்டும் புள்ளியின் ஊடாகச் சரியாகச் செல்லும் நிலையே ஃபோகஸ். கெட்டியான அட்டையில் வரைந்து வெட்டினால் நீங்களே இதைச் செய்துகொள்ளலாம். தட்டியை எடுத்துவிட்ட பிறகே படமெடுக்கத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது பனி. லென்ஸ் காற்றைவிடக் குளிர்ந்து ஈரம் படிந்தால், முதலில் நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும், பிறகு மொத்தப் படமும் மங்கும். குழாயின் முகப்பைத் தாண்டி அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளும்படி கறுப்புத் தாளைச் சுருட்டிக் கட்டினாலே பெருமளவு தடுக்கலாம். படிந்த ஈரத்தைத் துணியால் துடைக்கக் கூடாது. லென்ஸின் மேற்பூச்சு கீறிவிடும். ஈரமான முகப்பின் மீது மூடியைப் போட்டு மூடவும் வேண்டாம். தானாக உலரவிட்டு மூடுங்கள்.

கேள்வி: எத்தனை விநாடி எக்ஸ்போஷர் கொடுக்க வேண்டும்? என் மவுண்டில் மோட்டார் இல்லை. நண்பரிடம் மோட்டார் உள்ள மவுண்ட் இருக்கிறது. இருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 ஆர்க் விநாடி நகர்கிறது (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கே ஓர் ஆர்க் விநாடி). 4 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை 420 மி.மீ. தொலைநோக்கியில் பொருத்தினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2 ஆர்க் விநாடியைப் பார்க்கிறது. ஆக, மோட்டார் இல்லாவிட்டால் ஒரே விநாடியில் வால்மீன் ஏழு பிக்சலுக்கு மேல் இழுபட்டுவிடும். அரை விநாடிக்கு மேல் போகாதீர்கள். அரை விநாடியில் என்ன கிடைக்கும் என்று சோர்ந்துவிட வேண்டாம். ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400-இல் நூறு இருநூறு படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பின்னர் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நல்ல படம் கிடைக்கும். படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான மாசு, குறைகிறது: 64 படங்களை அடுக்கினால் 8 மடங்கு. வால்மீனைச் சட்டத்தின் கீழ் ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கிழக்கு வானில் எல்லாமே மேலேறுவதால் அது தானாகவே சட்டத்தைக் கடந்து போகும். 3 டிகிரி அகலமான சட்டத்தைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒவ்வொரு படத்துக்கும் கையால் பொத்தானை அழுத்தினால் கருவி அதிரும். கேமராவிலுள்ள இன்டர்வல் டைமரை அமைத்துவிடுங்கள்.

மோட்டார் உள்ளவருக்கு எல்லையாக அமைவது வால்மீனின் சொந்த நகர்வு. நட்சத்திரங்களுக்கு நடுவே நாளொன்றுக்கு 4 டிகிரி நகரும் வேகமான வால்மீன், நிமிடத்துக்கு 10 ஆர்க் விநாடி, அதாவது மேலே சொன்ன கருவியில் 5 பிக்சல், விலகிச் செல்லும். 20 விநாடி கொடுத்தால் விலகல் இரண்டு பிக்சலுக்குள் அடங்கும். நாளுக்கு ஒரு டிகிரி நகரும் வால்மீனென்றால் ஒரு நிமிடம்கூடக் கொடுக்கலாம், வானம் அனுமதித்தால். துருவ நேர்ப்படுத்தலை, அதாவது மவுண்டின் அச்சை வானின் துருவத்தை நோக்கி நிறுத்துவதை, முடிந்தவரை துல்லியமாகச் செய்யுங்கள். ஆனால் தொடுவானத்தை ஒட்டிய பகுதியில் காற்று ஒளியை வளைப்பதால், நேர்ப்படுத்தல் எவ்வளவு சரியாக இருந்தாலும் சிறிய விலகல் ஏற்படவே செய்யும். அதைத் திருத்த முயன்று நேரத்தை இழக்காமல் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுவதே அறிவுடைமை.

இருவருக்கும் பொதுவானதும் இன்றியமையாததும் ஒன்று: ஒரே எக்ஸ்போஷரை வைத்துக் கடைசிவரை எடுக்க முடியாது. சூரியன் 12 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு வருவதற்குள் வெளிச்சம் பல நூறு மடங்கு பெருகிவிடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேமரா திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். அதன் மேடு இடப்பக்கத்திலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் சரி. நடுவைத் தாண்டினால் முதலில் ஐஎஸ்ஓ-வைக் குறையுங்கள், பிறகு நேரத்தைக் குறையுங்கள். சென்சாரின் மூலத் தரவை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில்தான் சேமிக்க வேண்டும். வெளுத்த பின்னணியிலிருந்து வாலைப் பிரித்தெடுக்க வேண்டிய நுண்ணிய வேறுபாடுகள் ஜேபெக் சுருக்கத்தில் அழிந்துவிடும்.

கேள்வி: படங்களை அடுக்கினால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக வரும்போது வால்மீன் இழுபடுகிறது, வால்மீன் சரியாக வரும்போது நட்சத்திரங்கள் கோடுகளாகின்றன. இரண்டும் கூர்மையாக வர என்ன செய்வது?

பதில்: ஒரே தொடரை இரண்டு முறை அடுக்க வேண்டும். முதல் முறை நட்சத்திரங்களைப் பொருத்தி, இரண்டாம் முறை வால்மீனின் தலையைப் பொருத்தி அடுக்குங்கள். இரண்டாவதில் விலகிய மதிப்புகளை நீக்கும் வசதியை இயக்கினால் நகரும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் மறைந்து வால்மீன் மட்டும் எஞ்சும். பிறகு இரண்டையும் இணைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் டீப்ஸ்கைஸ்டாக்கரிலும் சிரிலிலும் வால்மீனுக்கெனத் தனி வசதி இருக்கிறது. முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் தலையின் நடுவைச் சுட்டினால், இடைப்பட்டவற்றில் அதன் இடத்தை மென்பொருள் படமெடுத்த நேரத்தைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளும்.

மொத்தத் தொடரும் பத்து நிமிடத்துக்குள் அடங்குமானால், மெதுவாக நகரும் வால்மீனுக்கு இந்த இரட்டை வேலை தேவைப்படாது. விடியற்காலையில் கிடைக்கும் நேரமே குறைவு என்பதால் பலருக்கு இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அடுக்குவதற்கு முன் வெளுத்துப்போன கடைசிப் படங்களைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். நல்ல முப்பது படங்களோடு மோசமான முப்பதைச் சேர்த்தால் முடிவு மோசமாகும். சென்சாரின் இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களைப் பொழுது விடிந்த உடனேயே, கேமரா குளிர்ந்திருக்கும்போதே எடுத்துவிடலாம். இருட்டின் ஒரு நிமிடத்தைக்கூட அதற்குச் செலவிட வேண்டாம்.

கேள்வி: என் படத்தில் தலை பச்சையாக இருக்கிறது, வாலில் பச்சையே இல்லை. கேமராவின் நிறக்கோளாறா? நீல ஒளிவட்டத்தைக் குறைக்க மஞ்சள் ஃபில்டர் போடலாமா?

பதில்: நிறம் உண்மையானதுதான். தலையைச் சூழ்ந்த வாயுவில் இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு இருக்கிறது. சூரிய ஒளி பட்டு அது பச்சையாக ஒளிர்கிறது. அதே சூரிய ஒளி அந்த மூலக்கூற்றை விரைவில் உடைத்தும் விடுவதால், வாலுக்குப் போய்ச் சேரும் முன்பே அது அழிந்துவிடுகிறது. இந்த உடைவை 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லேசர்களைக் கொண்டு ஆய்வகத்திலேயே நிகழ்த்திக் காட்டினார்கள். தூசிவால் சூரிய ஒளியைப் பிரதிபலிப்பதால் வெளிர்மஞ்சளாகவும் வளைந்தும் இருக்கும். அயனிவால் கார்பன் மோனாக்சைடு அயனிகளால் நீலமாகவும் நேராகவும் நீளும்.

மஞ்சள் ஃபில்டர் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. எளிய லென்ஸ் தொலைநோக்கிகளில் நட்சத்திரங்களைச் சுற்றித் தோன்றும் ஊதா வட்டத்தை அது நீக்கும், ஆனால் அயனிவாலின் நீல ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடும். வட்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், மென்பொருளில் அதைப் பின்னர் மட்டுப்படுத்தலாம். பதியாமல் போன வாலை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

கேள்வி: சிறுவர்களோடு சேர்ந்து படமெடுக்கிறோம். பாதுகாப்பு குறித்து ஏதேனும்?

பதில்: வால்மீன் நின்ற இடத்துக்கு அருகிலேயே சூரியன் உதிக்கப் போகிறது. தொலைநோக்கி வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் கண் நிரந்தரமாகப் பழுதாகும், சென்சாரும் எரிந்துபோகும். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகச் செல்பேசியில் அலாரம் வையுங்கள். அது ஒலித்ததும் இன்னும் ஒரு படம் என்று நீட்டாமல், குழாயை மேற்கு நோக்கித் திருப்புங்கள். தேடு தொலைநோக்கியையும் மறக்காமல் மூட வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

கேள்வி: சிறிய கருவியில் எடுத்த படத்துக்கு அறிவியல் பயன் ஏதும் உண்டா, அல்லது அது அழகுக்கு மட்டும்தானா?

பதில்: உண்டு. வால்மீனின் வால் நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னேற்றத் துகள்களின் வீச்சில் அயனிவால் முடிச்சிடும், வளையும், சில வேளைகளில் அறுந்தே போகும். 2007 ஏப்ரல் 20 அன்று என்கே வால்மீனின் வால் சூரியப் புயல் ஒன்றில் சிக்கி அறுந்ததை நாசாவின் ஸ்டீரியோ விண்கலம் படத்தொடராகவே பதிவு செய்தது. அத்தகைய மாற்றம் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது என்பதைக் கணிக்க, உலகின் வெவ்வேறு தீர்க்கரேகைகளில் எடுக்கப்பட்ட படங்கள் வேண்டும். ஓர் ஊரில் விடிந்துவிட்டால் அங்குள்ள பெரிய வானாய்வகமும் கண்மூடிவிடும். அடுத்த சில மணி நேரத்துக்கு வேறு தீர்க்கரேகையில் இருக்கும் சிறிய தொலைநோக்கிக்காரர்கள்தான் தொடர்ச்சியைக் காக்க முடியும்.

ஆனால் நேரம் துல்லியமாகக் குறிக்கப்படாத படம் இதற்கு உதவாது. ஆகவே படமெடுக்கும் முன் கேமராவின் கடிகாரத்தைச் செல்பேசியின் நேரத்தோடு விநாடி சுத்தமாகப் பொருத்துங்கள். உலகப் பொது நேரத்தில் தொடக்கமும் முடிவும், குவியத் தூரம், எஃப் எண், எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அழகுபடுத்திய படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மூல ரா கோப்புகளையும் அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். பின்னர் யாரேனும் அளவிடக் கேட்டால் கொடுக்க வேண்டியது அவற்றைத்தான்.